கூடுதல் செலவு ஆஜர் இல்லை

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் சேர்ந்து ஹால் மின்விசிறியைத் துடைத்தார்கள். மகள் ஸ்டூல் மேல் நின்றாள். அப்பா கீழே ஸ்டூலின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் அவள். இருபது மாடிக் குழிக்குள் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவளுக்கு முழங்கால் உயர ஸ்டூலில் பிடிமானம் தேவையில்லை. ஆனால் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு வேறு வேலை இல்லாமல் போய்விடும்.

அப்பா பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. குரல்நாணில் கட்டி. மீனைப் பார்த்து நீந்தாதே என்று சொன்ன மாதிரிதான் அது. அதனால் வீட்டில் தட்டு மொழி நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. மூன்று தட்டு என்றால் உடனே வா.

"அவ்வளவுதான்பா, சுத்தமாயிடுச்சு."

ஸ்டூல் காலில் டக், டக்.

"அது நிழல்."

டக், டக்.

அவள் குனிந்து பார்த்தாள். நிழல் இல்லை, தூசிதான். துடைத்தாள். டக்.

துணியைக் கீழே நீட்டியபோது அவர் உத்தரவை மீறினார். குரல் இல்லை, வெறும் காற்று. "திங்கக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போவணும். பெயின்டர் வீட்டுக்காரம்மா வாசல்ல நிப்பாங்க."

"பேசாதீங்கன்னா பேசுறீங்க. லீவுல இருக்கீங்க, மறந்துட்டீங்களா?"

"உட்காந்துட்டேன் பாப்பா, அன்னைக்கு." அவர் இன்னொரு இறக்கையைச் சுட்டிக் காட்டினார். "எழுந்தவன் உட்காந்துட்டேன்."

அது இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. விசிறி இப்போதும் சுத்தமாக இருக்கிறது.

அவர் கோர்ட்டில் டவாலி. நீதிபதி வழக்கைச் சொன்னதும் வாசலுக்கு வந்து சம்பந்தப்பட்டவர் பெயரை உரக்கக் கூப்பிடுகிற உத்தியோகம். மூன்று முறை கூப்பிட வேண்டும், அது விதி. முப்பது வருஷத்துக்கு மேல் இதையே செய்ததால் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியிருந்தது. வக்கீல்களிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மூணுவாட்டி. நீதிபதியம்மா மட்டும் டவாலி என்பார்.

விதி மூன்று முறை என்றுதான் சொல்கிறது, எங்கே நின்று என்று சொல்லவில்லை. அதை அவர் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். முதல் அழைப்பு கூடத்தின் வாசலில். இரண்டாவது தாழ்வாரத்தின் நடுவில். மூன்றாவது எங்கே வேண்டுமானாலும் இருக்கும். டீக்கடை, கழிப்பறை வாசல், குழாயடி, வேப்பமரத்தடியில் அழும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாயின் பக்கம். ஆளைத் தேடிப்போய், முகத்துக்கு நேரே பெயரைச் சொல்லி, கையோடு கூட்டி வந்து நிறுத்துவார். "மூணாவது அழைப்புக்குக் காலு உண்டு" என்பார். கோர்ட்டு முழுக்க இதை ஒரு சட்டப் பிரிவு மாதிரி மேற்கோள் காட்டியது.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்ததும், "உப்பூ... உப்பூ... உப்பூ..." என்று வாசல் பக்கம் திரும்பிக் கூவிவிட்டு, "ஆஜர் இல்லை" என்று தீர்ப்பு வாசிப்பார்.

"சாப்பிட வாங்கன்னு நான் மூணு வாட்டி கூப்பிட்டப்போ நீங்களும் ஆஜர் இல்லை. அதான் உப்பு கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்பாள் அம்மா.

அவர் மகான் ஒன்றும் இல்லை. தன் தொண்டையைப் பற்றித் தலைக்கனம் உண்டு. காசு கொடுத்துப் பெண்களிடம் போய் மாட்டிக்கொண்டவர்களைக் கூப்பிடும்போது மட்டும் வேண்டுமென்றே இன்னும் ஒரு கட்டை ஏற்றுவார். பழைய சட்டப்படி அவர்களுக்கு அபராதம்தான். திங்கட்கிழமை காலையில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டால் நீதிபதி வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒத்துக்கொள்வார்கள். கட்டிவிட்டு, பின் வாசல் வழியாக ஓட்டம். டீ நேரத்துக்குள் கூடம் காலியாகிவிடும். "அபராதம் சர்க்காருக்கு, மானம் எனக்கு" என்பார் அப்பா.

அதனால் புதுச் சட்டம் வந்த அன்று முதலில் கை தட்டியவர் அவர்தான். இனி அபராதம் கிடையாது, வாங்கியவனுக்குக் குறைந்தது மூன்று வருஷம் ஜெயில். அமைச்சர் இரும்புக்கரம் என்றார். எதிர்க்கட்சி, இரும்பு போதாது, எஃகு வேண்டும் என்றது. இவ்வளவு ஒற்றுமையைச் சபை அதற்கு முன் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டபோதுதான் பார்த்திருந்தது. மசோதாவின் கடைசியில் வழக்கமான ஒரு வரி இருந்ததாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இச்சட்டத்தால் அரசுக்குக் கூடுதல் செலவு எதுவும் ஏற்படாது.

அப்பா பத்திரிகையை மடித்தார். வாசல் பக்கம் திரும்பினார். "கூடுதல் செலவூ... கூடுதல் செலவூ... கூடுதல் செலவூ..." கொஞ்சம் காத்திருந்தார். "ஆஜர் இல்லை."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மகளும் சிரித்தாள். அப்போது அது நகைச்சுவையாக இருந்தது.

அபராதம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்தை எவன் ஒத்துக்கொள்வான்? கைக்குட்டைகள் போய் வக்கீல்கள் வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தார்கள், "நான் அந்தப் பொண்ணுகிட்ட வழி கேட்டேன்." நகரத்தில் இத்தனை பேர் வழி தெரியாமல் அலைகிறார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரும் வழி கேட்டிருந்தார். அவருடைய விசாரணை மட்டும் நாலு மாதம் நடந்தது. தெருவின் வரைபடம் வந்தது, அதை வரைந்தவர் வந்தார், விளக்குக்கம்பத்துக்குப் பொறுப்பான அதிகாரி வந்து அன்று விளக்கு எரிந்தது என்றார், அடுத்த வாய்தாவில் எரிந்திருக்கக்கூடும் என்றார்.

வழி கேட்டவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. அவர்களுக்கு அரசே வக்கீல் கொடுத்தது. குற்றம் சாட்டுகிற வக்கீலுக்கும் அரசு சம்பளம், மறுக்கிற வக்கீலுக்கும் அரசு சம்பளம், நடுவில் உட்கார்ந்து இருவரையும் கேட்கிறவருக்கும் அரசு சம்பளம். சாட்சி சொல்ல வந்த போலீஸ்காரர்கள் நாள் முழுக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கும் சம்பளம். அந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குத் திருட்டுப் புகார் கொடுக்கப் போனவர்களிடம், எல்லோரும் கோர்ட்டில் இருக்கிறார்கள், திருடன் திரும்ப வந்தால் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். ஜெயிலில் ஒரே பாயில் முறைவைத்துத் தூங்குவதாக வார்டன் டீக்கடையில் சொன்னார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூடுதல் செலவு மட்டும் ஆஜர் ஆகவே இல்லை. சட்டத்தில்தான் அது கிடையாதே.

இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்ததோ அந்தப் பெண்கள்தான் முக்கியச் சாட்சிகள். அவர்களில் ஒருத்தி எப்போதும் பச்சைக் குடையோடு வருவாள். அதுவே அவள் பெயராகிவிட்டது.

"அண்ணே, மாசத்துக்கு எத்தனை வாட்டி என் பேரைக் கூப்பிடுறீங்க! என்னைப் பெத்தவகூட இத்தனை வாட்டி கூப்பிட்டதில்ல."

"சட்டம் உனக்காகத்தானேம்மா வந்திருக்கு."

"ஆமா, எனக்காகத்தான். விக்கிறவமேல குத்தமில்லையாம், வாங்குறவன்மேலதான் குத்தமாம். ஆனா வெயில்ல நிக்கிறது நான். நேத்து சாட்சிப் படிக்காசு கேட்டா நாளைக்கு வான்னு சொல்றாங்க. முன்னெல்லாம் லைட்டு இருக்கற தெருவுல நிப்போம். ஆளு மூஞ்சியைப் பார்த்து, சரியில்லேன்னா போடான்னு சொல்லலாம். இப்ப அவனுங்க பயந்துகிட்டு குடோனுக்குப் பின்னாடி இருட்டுக்கு வான்னு கூப்பிடுறானுங்க. மூஞ்சியும் தெரியல, ஒண்ணும் தெரியல."

அப்பா அதை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார். கை தட்டியது தப்பா என்று மகள் கேட்டாள்.

"சட்டம் நல்ல சட்டந்தான் பாப்பா. அதை நடத்தறதுக்குத் தொண்டைதான் இல்ல."

உண்மையாகவே தொண்டை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. புது வழக்குகளைத் தினமும் விசாரித்து ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருந்தது. காலை முதல் மாலை வரை வழி கேட்டவர்களையும் அவர்களுக்கு வழி சொன்னவர்களையும் கூப்பிட்டார். சாயந்திரம் வீட்டில் உப்பைக் கூப்பிடுவது முதலில் நின்றது. பிறகு இருமல் வந்தது. இன்னொரு கூடமும் இன்னொரு டவாலியும் வேண்டும் என்று கோர்ட்டு எழுதிக் கேட்டது. கூடுதல் செலவு இல்லாத சட்டத்துக்குக் கூடுதல் ஆள் எதற்கு என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி. ஆளுக்குப் பதிலாக நாலு ஒலிபெருக்கி வந்தது. குமாஸ்தா தன் மேசையிலிருந்தே மைக்கில் பெயரை மூன்று முறை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அப்பாவுக்கு மைக்கின் சுவிட்சைப் போட்டு அணைக்கிற வேலை.

"அதுக்குத் தொண்டை இருக்கு, காலு இல்ல" என்றார் அப்பா, போட்ட முதல் நாளே.

பெயின்டர் வீட்டுக்காரம்மா இந்தக் கூட்டத்துக்கெல்லாம் சம்பந்தமே இல்லாதவர். அவர் கணவர் நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்படி ஒரு ஆள் தன்னிடம் வேலை பார்த்ததே இல்லை என்றார் காண்ட்ராக்டர். பிறகு பெயின்ட் வாளியோடு அவர் ஏன் அங்கே ஏறினார் என்றால், ஒருவேளை அவரும் வழி கேட்க ஏறியிருக்கலாம். நஷ்டஈட்டு வழக்கு மூன்றாவது வருஷமாக நடந்தது. நடந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கெடு வைத்த வழக்குகள் முன்னால் போக, கெடு இல்லாத அவர் வழக்கு ஒவ்வொரு வாய்தாவிலும் பட்டியலின் அடிக்குச் சறுக்கியது. தையல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

"நான் வந்து உங்க முகத்துக்கு நேரா கூப்பிடுவேம்மா. அதுவரைக்கும் நிம்மதியா உட்காருங்க" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மா அதை அப்படியே நம்பினார். மைக்கில் யாரோ யாரையோ கூப்பிடுவதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படி ஒரு வாய்தா நாளின் சாயந்திரம், வழி கேட்டவர்களில் ஒருவருடைய வக்கீல் வராததால், பெயின்டர் வழக்கு திடீரென்று மேலே வந்தது. அந்த அம்மா பின்பக்கக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவர் பாட்டிலோடு போவதை அப்பா பார்த்தார். குமாஸ்தா மைக்கில் மூன்று முறை சொன்னார், ஒரே மூச்சில். அப்பா எழுந்தார்.

"டவாலி, எங்க கிளம்பிட்டீங்க?" நீதிபதியம்மா நிமிராமல் கேட்டார். "கூப்பிட்டாச்சு இல்ல? உட்காருங்க. அடுத்தது."

அப்பா உட்கார்ந்தார்.

மூன்று முறை அழைத்தும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா பாட்டிலோடு வந்து வாசலில் எட்டிப் பார்த்து, "நம்மளது இன்னைக்கு வருமாங்க?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுக்கு, பொறுங்கள் என்று அர்த்தம் செய்துகொண்டு அவர் திரும்பிப் போய் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தார். கோர்ட்டைப் பூட்டும் வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள்தான் அப்பா டாக்டரிடம் போனார்.

தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க மனுப் போடலாம். அதற்குக் கெடு உண்டு, காரணமும் வேண்டும். அழைப்பு தன்னை வந்து சேரவில்லை என்று அந்த அம்மா சொன்னால் போதாது, மூன்று முறை அழைத்ததாகக் கோர்ட்டுப் பதிவேடு சொல்கிறது. வந்து சேரவில்லை என்று டவாலியே சொன்னால் கதை வேறு. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தன் கோர்ட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அப்பா சொல்வதாக ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை கெடு முடிகிறது. கோர்ட்டு வாசலில் வந்து நிற்கும்படி அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினார்.

இதையெல்லாம் மகள் பின்னால்தான் ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டாள். சனிக்கிழமை அவளுக்குத் தெரிந்தது, பெயின்டர் வீட்டுக்காரம்மா வாசலில் நிற்பார் என்பதும், உட்காந்துட்டேன் என்ற வார்த்தையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார். நெஞ்சு. லிஃப்டில் கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்துக்கொள்ள அடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அது இல்லாமல் எந்த லிஃப்டுக்கும் அவள் கையெழுத்துப் போடுவதில்லை. மனிதனுக்கு அதை வைக்கவில்லை.

அம்மா பாத்ரூம் வாசலில் நின்று, என்னங்க என்று மூன்று முறை கூப்பிட்டாள்.

அன்று சாயந்திரமே எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை காலை வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கதவுக்குப் பின்னால் யூனிஃபார்ம் கஞ்சி மடிப்போடு தொங்கியது.

"திங்கக்கிழமைக்குன்னு போட்டு வச்சாரு" என்றாள் அம்மா. "லீவுல எதுக்குங்கன்னு கேட்டேன். ஸ்டூலைத் தட்டுறாரு."

மகள் செருப்பைத் தேடினாள்.

"நேத்துதான் பெத்தவரை அனுப்பியிருக்கு. ஒரு நாள் வீட்ல இருக்கக்கூடாதா?" என்றாள் பெரிய அத்தை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அவளைக் கோர்ட்டுல கூப்பிடுறாங்க அண்ணி. போகலேன்னா வாரண்ட் போட்டுருவாங்க" என்றாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

கோர்ட்டு வாசல் திருவிழாக் கூட்டமாக இருந்தது. வழி கேட்டவர்கள், அவர்களுடைய மனைவிகள், வக்கீல்கள், போலீஸ். அந்த அம்மாவின் முகம் மகளுக்குத் தெரியாது. அவருக்கு அரசு கொடுத்த வக்கீலைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கட்டுக் கட்டாகக் கோப்புகளைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இளைஞர். கோர்ட்டில் அவருக்கு இலவசம் என்று பேர்.

"அண்ணன் போயிட்டாராமே." கோப்புகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு அந்தம்மா குழாயடியில இருந்தாங்க, கூப்பிட்டது போய்ச் சேரலேன்னு சொல்ல மனுவுல அவருதாங்க சாட்சி. இனிமே விழுந்துடும்" என்றார்.

"குழாயடி எங்க இருக்கு?"

கட்டடத்தின் பின்பக்கம். குழாய்க்கு மேலே சுவரில் ஒலிபெருக்கி. அவள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். இலவசம் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பெட்டிக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டி, நுனிக்கு டேப் ஒட்டி, அழகாகச் செருகி வைத்திருந்தார்கள்.

"இதுக்கு லைனே இழுக்கல."

"ரெண்டு ஸ்பீக்கருக்குத்தான் ஒயருக்குப் பணம் வந்துச்சு. மீதி ரெண்டுக்கும் அப்புறமா இழுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அதெல்லாம் கேட்கும்னுல்ல நாங்க நெனச்சிட்டிருந்தோம்!"

"இது ஸ்பீக்கர் இல்ல. சுவத்துல மாட்டின டப்பா."

இலவசம் அவளை அண்ணாந்து பார்த்தார். "இதை எழுதி, உங்க படிப்பு, உத்தியோகம் எல்லாம் போட்டு, பிரமாணப் பத்திரமா கையெழுத்துப் போடுவீங்களா? இந்தக் கோர்ட்டுக்கு எதிரா?"

"போடுறேன்."

"அந்தம்மா கையெழுத்தும் வேணும். அஞ்சு மணிக்கு கவுன்ட்டர் மூடிருவாங்க." கோப்புக் கட்டைப் பார்த்தார். "எனக்கு முகம் சரியா ஞாபகமில்லைங்க. எங்கிட்ட இருக்கிற கேஸுக்கு..."

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். பச்சைக் குடை அங்கே நின்றிருந்தாள். அவளுக்கு அன்றைக்கும் வாய்தா.

"அண்ணன் இன்னும் வரலியா?"

மகள் சொன்னாள். பச்சைக் குடை குடையை மடக்கினாள்.

"தையக்காரம்மாதானே? காலையிலேர்ந்து இங்கதான் நின்னாங்க. இப்பத்தான் எங்கியோ போனாங்க. கூட்டத்துல எங்கன்னு தேடுவே? மைக்குல சொல்லச் சொன்னா அந்தம்மா திரும்பமாட்டாங்க." அவள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கூப்பிடேன். அவரு பொண்ணுதானே?"

மகளுக்கு உரக்கக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. லிஃப்ட் குழிக்குள் எல்லாம் வாக்கி டாக்கிதான். வாசற்படியில் ஏறி நின்று, கோப்பில் பார்த்த தையல்காரம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள். குரல் பிசிறியது. வழி கேட்டவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தாழ்வாரத்தின் நடுவுக்குப் போனாள். மாடிப்படியைப் பார்த்து இரண்டாவது முறை கூப்பிட்டாள். இந்த முறை குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. மாடிப்படிக்குக் கீழே யாரும் இல்லை. கூடத்துக்குள்ளிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்து, "யாரும்மா நீ? மைக்கு எதுக்கு இருக்கு?" என்றார்.

அவள் மூன்றாவது அழைப்பை வாயில் வைத்துக்கொண்டு, டீக்கடையைத் தாண்டி, கழிப்பறை வரிசையைத் தாண்டி, ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.